தாம்பரம் எவ்வளவு தூரம்? முக்கால் மணி நேரம்!

சென்னையில் யாரிடமாவது "இங்கிருந்து தாம்பரம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டரில் பதில் வராது. "முக்கால் மணி நேரம் ஆகும்" என்பார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொள்ளும்: "எட்டு மணிக்குள்ள கிளம்பிட்டா." தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்வதும், அந்த நேரம் எந்த வேளைக்குப் பொருந்தும் என்று சேர்த்துச் சொல்வதும் பெருநகரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தானாக வந்துவிடும் பழக்கம். போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கிறவர்களுக்கு முதல் பாடமும் கிட்டத்தட்ட இதுதான்.

ஊர் பெரிதாகும்போது இந்த நிமிடங்களுக்கு என்ன ஆகிறது? ஆட்கள் ஏன் பஸ்ஸை விட்டு பைக்குக்குப் போகிறார்கள்? ரோட்டை அகலப்படுத்திய பிறகும் நெரிசல் ஏன் திரும்பி வருகிறது? இதையெல்லாம் சென்னையை வைத்தே பார்த்துவிடலாம். எனக்குப் பழகிய ஊர் என்பது ஒரு காரணம். நடைக்கென்று உண்டான ஊர், ரயிலால் உண்டான ஊர், டூவீலரால் உண்டான ஊர் என மூன்றுமே இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன என்பது இன்னொரு காரணம்.

ஒரு மணி நேரக் கணக்கு

1970களில் யாகோவ் ஸஹாவி என்ற ஆய்வாளர் பல நாட்டு நகரங்களின் பயணக் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஊரும் வாகனமும் மாறினாலும், ஓர் ஆள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே வந்தது. பின்னால் 1994இல் இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி அதே கணக்கைப் பழைய நகரங்களுக்கும் போட்டுப் பார்த்தார். மனிதர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். போக அரை மணி, வர அரை மணி என்றால் இரண்டரை கிலோமீட்டர் வரைதான் போய் வர முடியும். வண்டி வாகனம் பெருகுவதற்கு முந்தைய நகரங்கள் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கியிருந்ததற்கு இதுதான் காரணம் என்றார்.

"ஒரு மணி நேரமா? எனக்குப் போகவே ஒன்றரை மணி ஆகுதே" என்று நீங்கள் சிரிக்கலாம். இது தெருமுனைக் கடைக்கு மட்டும் போய் வரும் பாட்டியையும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரையும் சேர்த்துப் போட்ட சராசரி. இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதற்குள் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வேகமான வாகனம் வந்து அரை மணி நேரம் மிச்சமானால், அந்த அரை மணியை மக்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கழிப்பதில்லை. வாடகை குறைவாக இருக்கும், கொஞ்சம் காற்று வரும் இடமாகப் பார்த்து இன்னும் தள்ளிக் குடிபோய்விடுகிறார்கள். மிச்சமான நேரம் தூரமாக மாறிவிடுகிறது. நகரம் பரவுவது இப்படித்தான்.

நடந்த ஊர், ரயில் இழுத்த ஊர்

மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் பாருங்கள். கோயில், குளம், நான்கு மாட வீதி, காய்கறிக் கடை, பாத்திரக் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் பத்து நிமிட நடைக்குள். அந்தத் தெருக்களுக்குள் கார் நுழைந்தால் காருக்கும் கஷ்டம், தெருவுக்கும் கஷ்டம். அது தெருவின் குறை இல்லை. அவை நடப்பவரின் அளவுக்கு வெட்டப்பட்ட சட்டைகள்.

1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். 1953இல் நின்றுபோனது. அதற்குள் 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் வந்துவிட்டது. ஊர் எப்படி வளர வேண்டும் என்பதை உண்மையில் அந்தத் தண்டவாளம்தான் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பக்கத்திலேயே ரயில் நிலையம். மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று கயிற்றில் கோத்த மணி மாதிரி ஊர்கள் வளர்ந்தன. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் வெகு காலம் வயலும் ஏரியும்தான்.

ரயிலால் வளரும் ஊருக்கு ஒரு குணம் உண்டு. ரயிலில் வருபவர் நிலையத்தில் இறங்கியதும் நடந்துதான் ஆக வேண்டும். அதனால் கடைகள் நிலையத்தின் வாசலிலேயே வந்து குவியும். ரங்கநாதன் தெருவைப் பார்த்தால் புரியும். ஒரு முனையில் மாம்பலம் நிலையம், மறுமுனையில் உஸ்மான் சாலை. சில நூறு மீட்டர் நீளம்தான், காரில் வர வழியே இல்லை. பார்க்கிங் இல்லாமல் வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அங்கே போய் நிற்கட்டும். நிற்க முடிந்தால்! 2023இல் மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை அரை கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு நடைமேம்பாலம் திறந்ததும் நடந்து வருகிற கூட்டத்துக்காகத்தான்.

டூவீலர் வந்ததும் எல்லாம் சிந்திவிட்டது

1980களுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர், அப்புறம் ஆளுக்கு ஒரு பைக் என்று வந்தது. ரயிலுக்குத் தண்டவாளம் வேண்டும், பஸ்ஸுக்குக் கொஞ்சமாவது அகலமான ரோடு வேண்டும். டூவீலருக்கு ஒரு சந்து போதும். அதுவரை தண்டவாளத்தையும் பஸ் ரூட்டையும் ஒட்டி வளர்ந்த ஊர், இப்போது தரையில் கொட்டிய தண்ணீர் மாதிரி எல்லாப் பக்கமும் ஓடியது. மேடவாக்கம், பள்ளிக்கரணை, மாங்காடு, கொளப்பாக்கம். வயலை மனை போட்டார்கள், ஏரிக்கரை வரை வீடு வந்தது. மனைப் பிரிவுகளில் விட்ட தெருக்கள் இருபது, இருபத்தைந்து அடி. அதில் பஸ் திரும்பாது. அந்த வீட்டை வாங்குகிறவர் ஒரு டூவீலரையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தெருவின் அகலம் அவருக்காக முன்பே முடிவு செய்துவிட்டது.

"பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துங்கள்" என்று போஸ்டர் ஒட்டுவது பெரிதாக உதவாததற்குக் காரணம் இதுதான். எதில் போவது என்பதைக் காலையில் சாவியை எடுக்கும்போது நாம் முடிவு செய்வதாக நினைக்கிறோம். பாதி முடிவு வீடு பார்த்த அன்றே ஆகிவிட்டது. மீதியில் ஒரு பகுதி அதற்கும் இருபது வருடம் முன்னால், மனை போட்ட அன்று.

ஊர் பரவும்போது அதன் வடிவமும் நேரத்தைத் தின்னும். ஓஎம்ஆர் என்று எல்லோரும் சொல்லும் பழைய மகாபலிபுரம் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பிறகு ஐடி கம்பெனிகள் தெற்கே சிறுசேரி வரை வரிசையாக வந்தன. 2008இல் ஆறு வழிச் சாலையாக்கி ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சாலைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நடுவில் நீளமான ஒரு பட்டை. கிழக்கே கால்வாயைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகப் பாலங்கள் கொஞ்சம்தான். மேற்கே சதுப்பு நிலத்தைத் தாண்ட துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் சாலை, சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். வேலை எல்லாம் அந்தப் பட்டையில், ஓரளவு மலிவான வீடுகள் சதுப்பு நிலத்துக்கு மேற்கே. அத்தனை பேரும் அந்த ஒன்றிரண்டு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். சோழிங்கநல்லூர் சிக்னலில் மாலை ஏழு மணிக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

(சதுப்பு நிலத்தின் குறுக்கே இன்னும் நாலு ரோடு போட்டால் என்ன என்று கேட்காதீர்கள். 2015 டிசம்பர் மழையில் வேளச்சேரி என்ன ஆனது என்று தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.)

வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை

இனி ஒரு பயணத்தைப் பிரித்துப் பார்ப்போம். மேடவாக்கத்தில் உள்தெருவில் வீடு, கிண்டியில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 12 கிலோமீட்டர்.

பஸ்ஸில் போனால் நிறுத்தம் வரை நடை 10 நிமிடம். பஸ் 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாகப் பாதி, அதாவது 10 நிமிடம் காத்திருப்பு. பயணம் 50 நிமிடம். இறங்கி 5 நிமிட நடை. மொத்தம் 75 நிமிடம். பைக்கில் அதே நெரிசலில் 40 நிமிடம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 45 கிலோமீட்டர் தருகிறது என்றால் போக 26 ரூபாய் சொச்சம். பைக்கின் மாதத் தவணையை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும், அதனால் காலையில் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சரி, நீங்களாக இருந்தால் எதில் போவீர்கள்?

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. முதலாவது, எல்லா நிமிடமும் ஒரே எடை இல்லை. பயண ஆய்வுகளில் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக எண்ணுவது வழக்கம். நிழல் இல்லாத நிறுத்தத்தில் மே மாதம் நின்றவரைக் கேட்டால் நான்கு மடங்கு என்பார்.

இரண்டாவதுதான் பலரும் கவனிக்காதது. சராசரி நேரத்தை வைத்து யாரும் கிளம்புவதில்லை. ஒரு வழியில் ஒரு நாள் 40 நிமிடம், இன்னொரு நாள் 80 நிமிடம் ஆகிறதென்றால், ஒன்பதரைக்குக் கைரேகை வைக்க வேண்டியவர் 80 நிமிடத்துக்குத்தான் கிளம்ப வேண்டும். சீக்கிரம் போய்ச் சேர்ந்த நாட்களில் ஆபீஸ் வாசல் டீக்கடைக்கு லாபம். ஊர் வளர வளர, சராசரி கூடுவதை விட இந்த நிச்சயமின்மை வேகமாகக் கூடுகிறது என்பது என் அனுபவம். ஒரு மழை, ஒரு பழுதான லாரி, ஒரு முகூர்த்த நாள் போதும்.

பஸ் ஏன் சேர்ந்து சேர்ந்து வருகிறது?

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-க்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அரை மணி நேரம் ஒன்றும் வராது. அப்புறம் இரண்டு வண்டி ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். முன்னது பிதுங்கி வழியும், பின்னது காலியாக வரும். "ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு சேர்ந்து கிளம்பினாங்களா?" என்று நிறுத்தத்தில் யாராவது கேட்பார்கள். டிரைவர்மேல் பழி போடுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பஸ் சரியாகத்தான் கிளம்புகின்றன. முதல் பஸ் ஒரு சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் ஆறேழு பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏற நேரம் ஆகும், டிக்கெட் கிழிக்க நேரம் ஆகும். இன்னும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ நிறுத்தங்கள் காலியாக இருக்கும், நிற்காமல் ஓடி வந்துவிடும். கடைசியில் முன்னதைப் பிடித்துவிடும். நெரிசல் போட்ட சின்ன முடிச்சை ஒவ்வொரு நிறுத்தமும் இறுக்கிக்கொண்டே போகிறது.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு ரூட்டில் போய்த் திரும்ப 120 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 12 வண்டி வேண்டும். நெரிசல் கூடி அதே சுற்றுக்கு 160 நிமிடம் ஆகிவிட்டால், அதே 10 நிமிட இடைவெளிக்கு 16 வண்டி வேண்டும். நான்கு வண்டி, அவற்றுக்கு டிரைவர், கண்டக்டர், டீசல் எல்லாம் கூடுதல். ஏறும் பயணிகள் ஒருவர்கூடக் கூடவில்லை. புதிய வண்டி வாங்கப் பணம் இல்லையென்றால் அந்த 12 வண்டியையே ஓட்ட வேண்டும், இடைவெளி 13 நிமிடத்தைத் தாண்டிவிடும். கட் சர்வீஸ் விட்டுச் சமாளிப்பார்கள், பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டி வரும். கடுப்பான பயணி மாதத் தவணையில் பைக் எடுக்கிறார். ரோட்டில் ஒரு வண்டி கூடுகிறது. 160 நிமிடம் 165 ஆகிறது.

இந்தச் சுழலில் கெட்டவர்கள் யாரும் இல்லை. பைக் வாங்கியவர் செய்தது அவருக்குச் சரியான முடிவு. அவர் மிச்சம் பிடித்த 35 நிமிடம் அவருக்குக் கிடைத்துவிட்டது, மற்றவர்கள் தலையில் விழுந்த சில நொடிகள் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லட்சம் பேர் அதே முடிவை எடுக்கும்போதுதான் அந்த நொடிகள் மணிக்கணக்காகித் தெரிகின்றன.

சக்கரம் எதிர்ப் பக்கமும் சுழலும் என்பது ஆறுதல். பயணிகள் கூடினால் அதிக வண்டி விடலாம், அதிக வண்டி விட்டால் காத்திருப்பு குறையும், குறைந்தால் இன்னும் பயணிகள் வருவார்கள். 1972இல் ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். காருக்கு நேர்மாறான குணம் இது. ரோட்டில் கார் கூடக் கூட எல்லோரும் மெதுவாவார்கள், பஸ்ஸில் ஆள் கூடக் கூட எல்லோருக்கும் சேவை மேம்படும். ஆனால் அந்தக் கூடுதல் வண்டியை யாராவது விட வேண்டும். ஆள் மட்டும் கூடி வண்டி கூடாவிட்டால் படிக்கட்டில் தொங்க வேண்டியதுதான்.

ரோட்டை அகலப்படுத்தினால்?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு இதுதான். மேம்பாலம் திறந்த முதல் மாதம் "பத்தே நிமிஷத்துல தாண்டிட்டேன்" என்று பெருமை. ஒன்றிரண்டு வருடத்தில் பழைய கதை. அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ரோடு காலியானதும் மூன்று விதமானவர்கள் வருகிறார்கள். நெரிசலுக்குப் பயந்து ஏழு மணிக்கே கிளம்பிக்கொண்டிருந்தவர் இனி எட்டரைக்குக் கிளம்பலாம் என்று வருகிறார். சுற்று வழியில் போனவர் நேர்வழிக்குத் திரும்புகிறார். ரயிலில் போனவர் வண்டியை எடுக்கிறார். இவர்கள் போதாதென்று, ரோட்டை நம்பி அதன் கடைசி முனையில் புது அடுக்குமாடி கட்டி விற்பவரும் அங்கே வாங்குபவரும் வருவார்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் சில இடங்களில் இருபது லேனுக்கும் மேல் அகலப்படுத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே பீக் அவர் பயண நேரம் மீண்டும் கூடிவிட்டது. இருபது லேனுக்கே அந்தக் கதி என்றால் நம் ஆறு லேனைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

அதற்காக ரோடே போடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. அகலமான ரோட்டில் முன்பைவிட அதிகம் பேர் போகிறார்கள், அது பயன்தான். வேகமும் கூடும், அது நிலைக்கும் என்று நம்புவதுதான் தப்பு. இருக்கும் ரோட்டில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி இன்னும் உருப்படியானது. ஒரு பஸ் சுமார் மூன்று கார்களின் இடத்தை அடைக்கும். அதில் 60 பேர் போகலாம். மூன்று காரில் பெரும்பாலும் ஐந்து பேர். பஸ்ஸுக்குத் தனிப்பாதை கேட்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அகமதாபாத்தில் 2009இல் ஜன்மார்க் என்ற பெயரில் தனிப்பாதை பஸ் தொடங்கினார்கள். ஸ்டாக்ஹோமில் வேறு வழி: 2006இல் நகர மையத்துக்குள் வரும் வண்டிகளுக்குச் சோதனையாகக் கட்டணம் போட்டார்கள், எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சென்னையில் இப்படிக் கட்டணம் போட எந்தக் கட்சிக்காவது தைரியம் வருமா என்பது வேறு கதை.

பறக்கும் ரயிலும் மெட்ரோவும்

ரோட்டின் நெரிசலோடு ஒட்டாத பாதை ஊருக்குத் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பறக்கும் ரயில் அதற்குத்தான் வந்தது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997இல் மயிலை, 2007இல்தான் வேளச்சேரி. நல்ல பாதை. ஆனால் நிலையங்களைப் பாருங்கள்: கோட்டை மாதிரி கட்டிடம், உள்ளே ஆள் அரவமில்லாத கூடங்கள், வெளியே வந்தால் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது. ரயில் ஒரு நிர்வாகம், பஸ் இன்னொரு நிர்வாகம், நடைபாதை மூன்றாவது. பயணிக்கு ஒரே பயணம்தான், ஆனால் பிரிவுகளுக்கு நடுவில் அவர் தனியாக விடப்பட்டார். வீட்டிலிருந்து நிலையம் வரையும் நிலையத்திலிருந்து வேலையிடம் வரையும் உள்ள அந்தக் கடைசி கிலோமீட்டரை ஷேர் ஆட்டோக்காரர்கள்தான் பல இடங்களில் நிரப்பினார்கள், எந்தத் திட்டமும் கேட்காமல்.

மெட்ரோ 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே தொடங்கியது. முதல் கட்டமும் விம்கோ நகர் வரையான நீட்டிப்பும் சேர்த்து இப்போது 54 கிலோமீட்டர். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். மெட்ரோ வந்தால் கீழே ரோடு காலியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டவுன்ஸ் சொன்ன அதே மூன்று பேர் அந்த இடத்தையும் நிரப்புவார்கள். மெட்ரோ தருவது வேறு: 24 நிமிடம் என்றால் மழை பெய்தாலும் முகூர்த்தமானாலும் 24 நிமிடம். மேலே சொன்ன நிச்சயமின்மைக்கு அதுதான் மருந்து.

பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் 2010லேயே வந்துவிட்டது. அந்த ஆணையம் உயிர்பெற்று வேலையைத் தொடங்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கும் சென்னை ஒன் செயலி 2025இல் வந்தது. ரயில் பாதை போடுவதைவிட மூன்று அலுவலகங்களை ஒரே மேஜையில் உட்கார வைப்பது கஷ்டம் போலிருக்கிறது.

யார் தள்ளிப் போகிறார்கள்?

பயண நேரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூடுவதில்லை. 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அடுக்குக் குடியிருப்புகள் கட்டி, கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும். வேலை அங்கே போகவில்லை. மந்தைவெளியில் நாலு வீட்டில் சமையல் செய்யும் அக்கா முன்பு நடந்தே போனார். இப்போது ஆறு மணி வேலைக்கு விடிவதற்கு முன்பே கிளம்புகிறார். 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இது அவர் குடும்பத்துக்குப் பெரிய உதவி, சந்தேகமே வேண்டாம். டிக்கெட் பூஜ்யமானது, நேரம் ஆகவில்லை. முன்பு காலையில் நாலு வீடு, சாயங்காலம் இரண்டு வீடு என்று செய்தவர் இப்போது நாலோடு நிறுத்திக்கொள்கிறார். நடுவில் வீட்டுக்கு வந்து போக முடியாதே.

ஊரின் விளிம்பு நகர்வதை பஸ் நிலையத்தை வைத்தும் பார்க்கலாம். வெளியூர் பஸ் முன்பு பாரிமுனையிலிருந்து கிளம்பியது. 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது, அப்போது அதையே "ஊருக்கு வெளியே" என்று புலம்பினோம். இருபது வருடத்தில் ஊர் கோயம்பேட்டை விழுங்கிவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரைத் தாண்டிக் கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தார்கள். உள்ளே நெரிசல் குறைய இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் திருச்சியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து வந்து, கையில் பையும் தூங்கும் குழந்தையுமாக இறங்குகிறவருக்குப் பெரம்பூர் இன்னொரு பயணம். அவர் கணக்கில் சென்னை ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டது.

வளர்வது வேறு, பரவுவது வேறு

இதையெல்லாம் படித்துவிட்டு "ஊர் வளர்ந்ததே தப்பு" என்று நினைக்க வேண்டாம். ஆள் கூடினால்தான் பக்கத்திலேயே மருத்துவமனை வரும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட முடியும், ஒரு வேலை போனால் அதே பஸ் ரூட்டில் இன்னொரு வேலை கிடைக்கும். பத்தாயிரம் குடும்பங்கள் ஒரு நிலையத்தின் நடை தூரத்துக்குள் வந்தால் அது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நல்ல செய்தி. அதே பத்தாயிரம் குடும்பங்கள் இருபதடித் தெருக்களில் நாற்பது மனைப் பிரிவுகளாகச் சிதறினால் பத்தாயிரம் டூவீலர். சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். அந்தப் புதிய நிலத்தில் முதலில் பஸ் திரும்பும் ரோடு வருமா, மனைக்கல் வருமா என்பதில்தான் அங்கே வரப்போகிறவர்களின் காலை நேரம் அடங்கியிருக்கிறது.

வீடு தேடிக்கொண்டிருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். விளம்பரத்தில் "ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்று போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை புரோக்கர் தன் காரில் கூட்டிப் போனால் பத்து நிமிடம்தான் ஆகும். நான் வீடு பார்த்தபோது அதை நம்பாமல், ஒரு திங்கட்கிழமை அந்தத் தெருமுனையிலிருந்து எட்டரை மணிக்கு, நானே தினமும் போகப் போகிற மாதிரி கிளம்பிப் பார்த்தேன். நிலையம் வரவே இருபத்தாறு நிமிடம். திரும்பி வந்து புரோக்கரிடம் சொன்னேன். "சார், நீங்க ஆபீஸ் டைம்ல போயிருக்கீங்க" என்றார்.